விடைத்தாள் உள்ள நாணயம்

பண்டை நாணயவியலில் ஆய்வு செய்யும் ஒருவர் அமெரிக்காவின் ஐசன்ஹோவர் டாலர்களை ஏன் தேடித் தேடிச் சேர்க்க வேண்டும்? துறையில் மூத்தவர்களும் உடன் பயில்வோரும் இக்கேள்வியைப் பல தொனிகளில் என்னிடம் கேட்டுவிட்டார்கள். சிலர் கேலியாக, சிலர் உண்மையான கவலையோடு. சாதவாகனர் காசும் சேரர் காசும் இருக்க, 1971க்குப் பின் அச்சான, பெரும்பாலும் வெள்ளிகூட இல்லாத, உலகில் கோடிக்கணக்கில் கிடக்கும் ஓர் உலோக வட்டத்தில் படிப்பதற்கு என்ன இருக்கிறது என்பதுதான் எல்லாத் தொனிகளுக்கும் பொதுவான சாரம். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. பதிவு நீளமானது, பொறுமையுள்ளவர்கள் படிக்கலாம்.

என் வாதம் இதுதான். பழங்காசை வைத்து வரலாறு எழுதுவது விடைத்தாள் இல்லாத தேர்வு. காசில் ஒரு முகம், ஒரு சின்னம், அரைகுறை எழுத்து, ஓர் எடை இருக்கின்றன. அவற்றிலிருந்து அரசன், ஆண்டு, செழிப்பு, வீழ்ச்சி எல்லாவற்றையும் ஊகிக்கிறோம். ஊகம் சரியா என்று சொல்ல அந்தக் காலத்தவர் யாரும் எழுந்து வருவதில்லை. ஐசன்ஹோவர் டாலருக்கோ சட்டம் இருக்கிறது, நாடாளுமன்ற விவாதம் இருக்கிறது, அக்கசாலையின் உற்பத்திக் கணக்கு இருக்கிறது. காசை மட்டும் வைத்து முதலில் ஊகித்துவிட்டு, பின்னர் ஆவணத்தைத் திறந்து பார்க்கலாம். நம் முறையியல் எங்கெங்கே சறுக்குகிறது என்பதை இவ்வளவு குறைந்த செலவில் காட்டித்தரும் ஆய்வுக்கூடம் வேறு எனக்குத் தெரியாது.

முதலில் பொருளைப் பார்ப்போம். விட்டம் 38.1 மி.மீ. சாதாரண வகையின் எடை 22.68 கிராம். தூய செம்புத் தகட்டின் இருபுறமும் செம்பு-நிக்கல் கலவையை ஒட்டிய அடுக்குலோகம். விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் நடுவே செந்நிறக் கோடு ஓடும். இன்னொரு வகை 40 விழுக்காடு வெள்ளி; எடை 24.59 கிராம், விளிம்பில் அந்தச் செங்கோடு துலங்காது. தலைப்பக்கத்தில் இடப்புறம் நோக்கிய, வழுக்கை ஏறிய ஐசன்ஹோவரின் பக்கமுகம். பூப்பக்கத்தில் நிலவின் குழிகள்மேல் இறங்கும் கழுகு, அதன் கால்களில் ஒலிவக் கிளை, மேலே சிறிய பூமி, சுற்றிலும் 13 விண்மீன்கள். இரு பக்கங்களையும் வடித்தவர் அக்கசாலையின் தலைமைச் சிற்பி ஃபிராங்க் கஸ்பாரோ. 1971 முதல் 1978 வரை வெளிவந்தது. அமெரிக்காவில் புழக்கத்துக்கென்று அச்சான பெரிய அளவு டாலர்களில் இதுவே கடைசி.

இப்போது ஈராயிரம் ஆண்டு கழித்து நம்மைப் போன்ற ஓர் ஆய்வாளர் கையில் இந்தக் காசு மட்டும் கிடைக்கிறது, ஆவணங்கள் எல்லாம் அழிந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அவர் என்ன எழுதுவார்?

நிலவை வென்ற மன்னன் என்று எழுதுவார். ஒரு பக்கம் முகம், மறுபக்கம் வெற்றிச் சின்னம், முகத்துக்குரியவனே வெற்றிக்குரியவன். நாம் அன்றாடம் கையாளும் தருக்கம் இது. குதிரை பொறித்த காசைக் கண்டால் வேள்வி செய்தான் என்கிறோம், கப்பல் பொறித்த காசைக் கண்டால் கடல் வாணிகம் நடத்தினான் என்கிறோம். ஆனால் ஐசன்ஹோவர் இறந்தது 1969 மார்ச் 28. மனிதர் நிலவில் கால் வைத்தது அதே ஆண்டு ஜூலை 20. அவர் அதைப் பார்க்கவேயில்லை. இன்னும் ஒரு படி மேலே போகலாம்: நாசா நிறுவனம் அவர் ஆட்சியில், 1958இல் தொடங்கப்பட்டது உண்மைதான், ஆயினும் பதவியிலிருந்து விலகிய பிறகு, நிலவுக்கு ஓட்டப்பந்தயம் வைப்பது வீண்செலவு என்று வெளிப்படையாகவே கண்டித்தவர் அவர். தாம் ஏற்காத ஒரு திட்டத்தின் வெற்றிச் சின்னத்தைத் தம் முதுகில் சுமந்துகொண்டு அந்த மனிதர் காசில் அமர்ந்திருக்கிறார்.

எப்படி இது நேர்ந்தது? ஏறத்தாழ ஒரே காலத்தில் இரண்டு நினைவுகூரல்கள் தேவைப்பட்டன. இருந்தது ஒரே காசு. நிலவில் இறங்கும் கழுகு பின்புறத்தில் இடம்பெற வேண்டும் என்று சட்டமே சொல்லிவிட்டது. கழுகின் மூல வடிவம் அப்பல்லோ 11 பயணத்தின் இலச்சினை. அதை உருவாக்கியவர், தோழர்கள் இருவரும் நிலவில் நடந்தபோது மேலே கலத்தில் சுற்றிக்கொண்டிருந்த மைக்கேல் காலின்ஸ். ஆக, காசின் இரு பக்கங்களுக்கும் இடையிலான உறவு காரணகாரிய உறவன்று. ஒரு சட்டமன்றத்தின் சமரசம்.

நம் கற்பனை ஆய்வாளரின் துன்பம் இத்தோடு முடியவில்லை. 1979இல் பெரிய டாலர் நின்று 26.5 மி.மீ. அளவில் சிறிய டாலர் வந்தது. அதன் தலைப்பக்கத்தில் பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய சூசன் பி. அந்தோணி; பூப்பக்கத்தில் அதே நிலவு, அதே கழுகு. அந்தோணி இறந்தது 1906இல். ஒரே சின்னம் இரு முகங்களோடு வருவதைக் கண்ட ஆய்வாளர் ‘நிலவுக் குலம்’ என்று ஓர் அரச மரபையே உருவாக்கி, அந்தோணியை ஐசன்ஹோவரின் அரசியாகவோ மகளாகவோ ஆக்கிவிடுவார். சிரிக்கலாம். ஆனால் பொதுச் சின்னம் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு நாம் எழுதியிருக்கும் மரபுப் பட்டியல்களை ஒருமுறை நினைத்துக்கொண்டு சிரிக்க வேண்டும்.

அடுத்தது உலோகம். ஒரே முகம், ஒரே அளவு. ஒன்றில் வெள்ளி, ஒன்றில் இல்லை. நம் கை தானாகவே எழுதும் வாக்கியம்: ‘ஆட்சியின் தொடக்கத்தில் வெள்ளியில் வெளியிடப்பட்ட காசு, பிற்காலப் பொருளாதார நெருக்கடியில் தரம் குறைந்தது.’ உண்மையில் இரண்டும் ஒரே ஆண்டில், 1971இல், அருகருகே பிறந்தவை. இங்கே கதையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் பணம் எப்படிப் பணமாக இருக்கிறது என்பதே இதற்குள் இருக்கிறது.

பழைய வெள்ளி டாலர் ஒவ்வொன்றிலும் 0.7734 டிராய் அவுன்சு தூய வெள்ளி இருந்தது. ஆகவே வெள்ளியின் விலை அவுன்சுக்கு 1.29 டாலரைத் தொட்டால் காசின் உலோக மதிப்பும் முக மதிப்பும் சமமாகிவிடும். அதைத் தாண்டினால் செலவழிப்பதைவிட உருக்குவது இலாபம். 1960களின் தொடக்கத்தில் விலை அந்தக் கோட்டை நெருங்க, மக்கள் கருவூலத்தின் வாயிலில் வரிசையில் நின்று நோட்டைக் கொடுத்து வெள்ளி டாலர் மூட்டைகளை வாங்கிச் சென்றார்கள். 1964 மார்ச்சில் கருவூலம் கதவைச் சாத்தியபோது உள்ளே எஞ்சியிருந்தவை ஏறத்தாழ 30 இலட்சம் மட்டுமே. 1965ஆம் ஆண்டு நாணயச் சட்டம் சில்லறைக் காசுகளிலிருந்து வெள்ளியை எடுத்தது. அரை டாலரில் மட்டும் 40 விழுக்காடு விட்டுவைத்தது. டாலர் காசு அச்சடிப்பதை ஐந்தாண்டுகளுக்குத் தடை செய்தது. தடைக்காலம் முடியும் தறுவாயில் ஐசன்ஹோவர் காலமானார். அவர் நினைவாக டாலர் வர வேண்டும் என்பதில் நாடாளுமன்றத்தில் பெரிய சண்டையில்லை. எந்த உலோகத்தில் என்பதில்தான் சண்டை. கீழவை வெள்ளி வேண்டாம் என்றது. மேலவை வெள்ளி வேண்டும் என்றது. கடைசியில் 15 கோடி வரையிலான காசுகள் 40 விழுக்காடு வெள்ளியில், சேகரிப்பாளருக்கு மட்டும், கூடுதல் விலையில் என்றும், எஞ்சியவை செம்பு-நிக்கலில், பொதுமக்களுக்கு என்றும் முடிவாயிற்று. வங்கி நிறுவனங்களைப் பற்றிய ஒரு திருத்தச் சட்டத்தின் வாலில் இதை ஒட்டவைத்து, 1970 டிசம்பர் 31 அன்று நிக்சன் கையெழுத்திட்டார்.

வெள்ளி வகை சான் பிரான்சிஸ்கோவில் அச்சாகி, சாதாரணப் பதிப்பு நீல உறையில் 3 டாலருக்கும், கண்ணாடிபோல் மெருகேற்றிய ப்ரூஃப் பதிப்பு பழுப்புப் பெட்டியில் 10 டாலருக்கும் அஞ்சலில் விற்கப்பட்டது. ஒரு டாலர் காசை அரசே 10 டாலருக்கு விற்றது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு நாளும் சந்தைக்குப் போகவில்லை. போகாததால்தான் இன்றும் பளபளவென்று நிறையக் கிடைக்கிறது. நம் எதிர்கால ஆய்வாளர் புதையல்களில் வெள்ளி டாலர் நல்ல நிலையில் மிகுதியாகக் கிடைப்பதைக் கண்டு, அதுவே பெருவழக்கான பணம் என்று முடிவு கட்டுவார். புழங்காததே புழங்கியதாகத் தோன்றும்.

தமிழ்நாட்டு வரலாற்றாசிரியருக்கு இது அயலகப் புதிர் அன்று. கொங்குப் பகுதிப் புதையல்களில் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து உரோம வெள்ளிக் காசுகள் ஏன் இவ்வளவு மிகுதி? உரோம வாணிகம் அந்த இருவர் காலத்தில்தான் உச்சத்தில் இருந்தது என்பது ஒரு விடை. நீரோ 64ஆம் ஆண்டளவில் காசின் எடையையும் வெள்ளியையும் குறைத்த பிறகும், இங்குள்ளவர்கள் பழைய நல்ல காசையே கேட்டு வாங்கினார்கள், அதையே புதைத்து வைத்தார்கள், ஆகவே காசின் ஆண்டு வாணிகத்தின் ஆண்டாகாது என்பது இன்னொரு விடை. இந்த விவாதத்தை நான் நூல்களில் பலமுறை படித்திருக்கிறேன். நீல உறையில் கிடக்கும் ஒரு வெள்ளி டாலரையும், சூதாட்ட விடுதியில் அடிபட்டு முகம் மழுங்கிய ஒரு செம்பு-நிக்கல் டாலரையும் இரு கைகளில் வைத்துப் பார்க்கும்போதுதான் இரண்டாம் விடையின் வலிமை உள்ளங்கைக்குப் புரிகிறது.

சூதாட்ட விடுதியைச் சொன்னதால் புழக்கத்தைப் பற்றியும் பேசிவிடலாம். 1972இல் மட்டும் பிலடெல்பியாவும் டென்வரும் சேர்ந்து ஏறத்தாழ 16.8 கோடி செம்பு-நிக்கல் டாலர்களை அடித்தன. இவ்வளவு காசு என்றால் எவ்வளவு பெரிய சந்தை என்று நம் ஆய்வாளர் வியப்பார். கிடைத்த காசுகளையும் அச்சுகளையும் எண்ணி மொத்த உற்பத்தியை மதிப்பிட்டு, அதிலிருந்து பொருளாதாரத்தின் பருமனை அளப்பது நம் துறையில் மதிப்புமிக்க முறை. ஆனால் அமெரிக்கர் இந்தக் காசைப் பையில் போட்டுக்கொள்ள மறுத்துவிட்டார்கள். காரணம் எளிது: இருபது காசுகள் சரியாக ஒரு பவுண்டு கனக்கும். சட்டைப்பை கிழியும். ஒரு டாலர் நோட்டோ மடித்தால் மடங்கும். அரசு அதைத் திரும்பப் பெறவுமில்லை. கடைகளின் கல்லாவில் இதற்கென்று ஓர் அறையும் இல்லை. நெவாடாவின் சூதாட்ட இயந்திரங்கள் மட்டும் இதை ஆவலோடு விழுங்கின. வெள்ளி டாலர் மறைந்த பிறகு தனியார் வில்லைகளை வைத்துச் சமாளித்துவந்த அவர்களுக்கு இது வரப்பிரசாதம். 1973இல் புழக்கத்துக்கென்று ஒரு காசும் வெளியிடப்படவில்லை. அந்த ஆண்டின் பிலடெல்பியா, டென்வர் காசுகள் சேகரிப்பாளர் தொகுப்புகளில் மட்டுமே உள்ளன.

கனம்தான் குறை என்று கருதி 1979இல் காசைச் சுருக்கினார்கள். அது கால் டாலரோடு குழம்பியது. 2000இல் பொன்னிறமாக்கினார்கள், 2007 முதல் குடியரசுத் தலைவர்களின் முகங்களை வரிசையாகப் பொறித்தார்கள். 2011 முடிவில் புழக்கத்துக்கான உற்பத்தியை நிறுத்தியபோது, யாரும் கேட்காத நூறு கோடிக்கும் மேற்பட்ட டாலர்கள் பெட்டகங்களில் தூங்கின. கனடா 1987இல் டாலர் காசை வெளியிட்டு, 1989இல் நோட்டு வெளியிடுவதை நிறுத்தியது. அங்கே காசு நிலைத்தது. அரசு அச்சடிப்பதால் மட்டும் ஒன்று பணமாகிவிடாது. இந்தப் பாடத்துக்கு நாம் கடல் கடக்கவும் வேண்டாம். பத்து ரூபாய் நாணயம் செல்லும், 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018இல் அறிவித்த பிறகும், நம் ஊர்ப் பேருந்திலும் பெட்டிக்கடையிலும் அதை நீட்டியவர்கள் என்ன கேட்டார்கள் என்பது அனைவரும் அறிந்ததே. ஈராயிரம் ஆண்டு கழித்து யாரேனும் தமிழ்நாட்டு மண்ணில் பத்து ரூபாய் நாணயப் புதையல் ஒன்றைக் கண்டெடுத்தால், செல்வர் வீட்டுச் சேமிப்பு என்று எழுதக்கூடும். உண்மையில் அது மாற்ற முடியாமல் ஒருவர் டப்பாவில் போட்டு வைத்ததாக இருக்கும்.

தமிழில் டாலர் என்ற சொல்லுக்குச் சங்கிலியில் கோத்த பதக்கம் என்றும் பொருள் உண்டு. செலவழிக்க முடியாமல் போய், நினைவுப்பொருளாகவே வாழ்ந்து முடித்த இந்தக் காசுக்கு நம் மொழி எவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைத்திருக்கிறது.

ஆண்டு பற்றியும் ஒரு சொல். 1975 என்ற ஆண்டு பொறித்த ஐசன்ஹோவர் டாலர் ஒன்றுகூடக் கிடையாது. அக்கசாலை மூடிக் கிடந்ததா, கலகமா, பஞ்சமா? எதுவுமில்லை. 1975இலும் 1974 என்றே பொறித்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அதே ஆண்டில் விடுதலையின் இருநூறாம் ஆண்டுக்கான காசுகளையும் 1776–1976 என்ற இரட்டை ஆண்டோடு தொடங்கிவிட்டார்கள். அந்த இரட்டை ஆண்டுக் காசின் பின்புறம், நிலவின்மேல் சார்த்திய விடுதலை மணி. வடிவமைத்த டென்னிஸ் வில்லியம்ஸ் அப்போது ஓவியக் கல்லூரி மாணவர். பொதுப் போட்டியில் வென்றவர். அதைவிட விசித்திரம்: 1964 என்று பொறித்து 1965இல் டென்வரில் அடித்த வெள்ளி டாலர்கள் 3,16,076. அத்தனையும் வெளியே வராமல் உருக்கப்பட்டன என்பது அரசின் கணக்கு. ஆவணத்தில் இருந்து காசில் இல்லாத காசு அது. நம் துறையில் இதற்கு நேர்மாறான நிலைதான் வழக்கம்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒருவர் கேட்கலாம்: ஆவணமே எல்லாம் சொல்கிறதென்றால் காசை ஏன் வாங்க வேண்டும்? நூலகத்தில் உட்கார்ந்து படித்தால் போதாதா? போதாது. ஆவணமும் எல்லாவற்றையும் சொல்வதில்லை. இதற்கு 1972 பிலடெல்பியா டாலரே சான்று. செம்பு-நிக்கல் கடினமான உலோகம். இவ்வளவு அகலமான தகட்டில் அச்சு ஆழமாகப் பதியாது, அச்சும் விரைவில் தேயும். ஆகவே தொடக்கத்தில் புடைப்பைத் தாழ்த்தி அடித்தார்கள். பின்னர் நல்ல எஃகு அச்சுகள் கிடைக்கவே புடைப்பை உயர்த்தினார்கள். அந்த ஓராண்டுக்குள்ளேயே பின்புறம் மூன்று வகையாக மாறியது. கழுகின் தலைக்கு மேலே இருக்கும் பூமியை உருப்பெருக்கியில் பாருங்கள். முதல் வகையில் பூமி ஒரு பக்கம் சற்றுச் சப்பையாக இருக்கும். இரண்டாம் வகையில் உருண்டை. ஆனால் ஃப்ளோரிடாவுக்கு அருகிலுள்ள தீவுகள் கலைந்து ஒரு தீற்றல்போல் தெரியும். மூன்றாம் வகையில் உருண்டை. தீவுகள் ஃப்ளோரிடாவுக்கு நேர் கீழே தெளிவாக நிற்கும். இரண்டாம் வகை மிக அரிது. எத்தனை அடித்தார்கள் என்று அக்கசாலையின் கணக்கில் வகைவாரியாக இல்லை. கடுகளவு தீவுகளைக் கண் நோகப் பார்த்து இந்த வேறுபாட்டை வரையறுத்தவர்கள் பேராசிரியர்கள் அல்லர். மாலை வேளைகளில் பொழுதுபோக்காகக் காசு பார்த்தவர்கள். ‘லிபர்ட்டி’ என்ற சொல்லின் ‘ஆர்’ எழுத்துக்கு அடிக்கட்டை இல்லாமல் மரக்கால்போல் நிற்கும் வகை, 1971 டென்வர் டாலரில் கழுகின் முகம் கடுகடுப்பில்லாமல் சாந்தமாக இருக்கும் வகை என்று பட்டியல் நீள்கிறது. பொழுதுபோக்கு என்ற சொல்லை நாம் இகழ்ச்சியாகப் பயன்படுத்துவதை நிறுத்தலாம் என்பது என் கருத்து.

இந்திய நாணயவியலில் இதற்கு ஒரு பெருமைமிக்க முன்னோடியும் உண்டு. டி.டி. கோசாம்பி கணக்காசிரியர். தட்சசீலத்து முத்திரைக் காசுகளை எடுத்துக்கொண்ட அவர் சின்னங்களின் புராணப் பொருளைத் தேடி அலையவில்லை, தராசை எடுத்தார். கைமாறும் ஒவ்வொரு முறையும் காசு அணுவளவு தேயும். எனவே நெடுங்காலம் புழங்கிய தொகுதியின் சராசரி எடை குறையும், எடைகளின் சிதறல் கூடும். பின்புற முத்திரைகள் கூடக்கூடச் சராசரி எடை குறைவதைக் காட்டி, அக்காசுகளைக் காலவரிசைப்படுத்த வழி கண்டார். நமக்கு இங்கே முக்கியமானது, இந்த விதியை அவர் தம் காலத்துப் புழக்கக் காசுகளை எடைபோட்டுச் சரிபார்த்துக்கொண்டார் என்பது. தெரிந்ததில் சோதித்த பிறகே தெரியாததற்குப் போனார். இன்று நம் பல்கலைக்கழகங்களில் நாணயவியல் தாள் பெரும்பாலும் முகலாயரோடும் கும்பினியோடும் நின்றுவிடுகிறது. மாணவர்கள் மின்திரையில் ஒளிப்படம் பார்த்துச் சின்னங்களை மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு காசைக் கையில் வாங்கி எடை பார்க்காமலேயே முதுகலைப் பட்டம் பெற முடிகிறது.

ஐசன்ஹோவர் டாலர் கோசாம்பியின் முறைக்கு ஒரு நல்ல எதிர்ச்சோதனை. இது புழங்காத காசு. ஆகவே எடை அனேகமாகக் குறைந்திராது. ஆனால் ஐசன்ஹோவரின் கன்னத்தைப் பாருங்கள், வெட்டுகளும் கீறல்களும் நிறைந்திருக்கும். ஆயிரம் காசுகள் கொண்ட ஒரு மூட்டை 22.68 கிலோ. ஏற்றி இறக்கும்போது காசோடு காசு மோதி உண்டான காயங்கள் அவை. புதுக்கோட்டைப் புதையலின் உரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே வெட்டு இருக்கிறது. அவை வேண்டுமென்றே உளியால் இட்டவை, ஏன் இட்டார்கள் என்பது இன்றும் விவாதம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த கண், தற்செயலான காயத்தையும் திட்டமிட்ட வெட்டையும் பிரித்தறியப் பழகும். தேய்மானம் வேறு, காயம் வேறு என்பதையும்.

என் முக்கியமான காரணம் இனிமேல்தான் வருகிறது. இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. பழங்காசு சேர்ப்பதை அறிவார்ந்த செயலாகவும், தற்காலக் காசு சேர்ப்பதைச் சிறுபிள்ளைத்தனமாகவும் நினைப்பவர்கள், அந்தப் பழங்காசு எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்து எடுத்த காசுகள் எத்தனையோ கைகள் மாறித்தான் சேகரிப்பாளரிடம் வந்தன. அவற்றால் சங்ககால வரலாற்றுக்குப் பெரும் இலாபம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எந்த ஆழத்தில், எந்தப் பானை ஓட்டோடு, எந்தக் காசுக்குப் பக்கத்தில் கிடந்தது என்ற செய்தி அந்த மணலோடு போய்விட்டது. நாம் ஒரு பழங்காசை விலை கொடுத்து வாங்கும்போது அடுத்த குழியைத் தோண்டுபவருக்கும் சேர்த்தே கூலி கொடுக்கிறோம். ஐசன்ஹோவர் டாலரை வாங்குவதால் எந்த மேடும் சிதைவதில்லை. நூறாண்டு கடந்த நாணயம் நம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். இது அந்த வரையறைக்குள் வராது. வெளிநாட்டு நாணயங்களை எவரும் வரம்பின்றி வைத்திருக்கலாம் என்று அந்நியச் செலாவணி விதிகளும் சொல்கின்றன. பழகுவதற்கு ஒரு காசு வேண்டும் என்றால், தோண்டாமல் கிடைப்பதை எடுத்துப் பழகுவோம்.

சேகரிப்பாளர் உலகம் முழுவதும் புனிதமானது என்று நான் சொல்ல வரவில்லை. அங்கேயும் ஒரு நோய் இருக்கிறது. அது நமக்கு நன்கு பழக்கமான நோய். 1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் பழைய செம்புக் காசுகளுக்கு 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். அது விலைக்கான அளவுகோல்: 70 பெற்ற காசு, 1 பெற்ற அதே வகைக் காசைப் போல் எழுபது மடங்கு விலை பெறும் என்பது கணக்கு. அந்த விலை விகிதம் விரைவிலேயே பொய்யாயிற்று. எண் மட்டும் தங்கிவிட்டது. 1986இல் பி.சி.ஜி.எஸ்., 1987இல் என்.ஜி.சி. என்று தரச்சான்று நிறுவனங்கள் தோன்றி, காசைப் பிளாஸ்டிக் பேழைக்குள் அடைத்து எண் ஒட்டித் தரத் தொடங்கின. போலிகளைத் தடுக்க அது உதவுகிறது என்பது உண்மை. ஆனால் கன்னத்தில் கீறல் மிகுந்த இந்த டாலரில் 66க்கும் 67க்கும் இடையிலான ஒரே ஓர் எண்ணுக்காக விலை பல மடங்கு ஏறும்போது, மக்கள் காசைப் பார்ப்பதை விட்டுவிட்டு எண்ணைப் பார்க்கிறார்கள். பேழைக்குள் இருக்கும் காசை எடைபோட முடியாது. விளிம்பையும் சரியாகப் பார்க்க முடியாது. அதாவது சான்றை அடையாளம் காட்டும் இரண்டு வழிகளையும் அடைத்துவிட்டு, தீர்ப்பை மட்டும் வெளியே ஒட்டுகிறார்கள். கட்டுரையைப் படிக்காமல் இதழின் தாக்க எண்ணைப் படிக்கும் தேர்வுக் குழுக்களை அறிந்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே தொடங்க விரும்பும் மாணவர்களுக்கு என் பரிந்துரை, பேழையில் இல்லாத காசு. முழுத் தொகுப்பு என்பது ஆண்டு, அக்கசாலை, உலோகம், வகை எல்லாம் சேர்த்து 32 காசுகள்தான். செம்பு-நிக்கல் வகைகளைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கிவிடலாம். அவசரமில்லாமல் ஆண்டுக்கு நான்கைந்து போதும். பழைய டெல்லி நடைபாதையிலும் இணையக் கடைகளிலும் ‘1880 வெள்ளி டாலர்’ என்று பளபளக்கும் போலிகள் குவிந்து கிடக்கின்றன. அந்தப் பக்கம் போக வேண்டாம். நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் சிறிய மின்தராசு ஒன்று, பத்து மடங்கு உருப்பெருக்கி ஒன்று, ஒரு குறிப்பேடு. காசைத் தேய்த்துத் துலக்காதீர்கள், புளியும் பற்பசையும் பாத்திரத்துக்கு உரியவை. எடையை எழுதுங்கள், விளிம்பின் நிறத்தை எழுதுங்கள். 1974, 1977 டென்வர் டாலர்களில் மிக அரிதாகச் சில, தவறிப்போய் வெள்ளித் தகட்டில் அச்சானவை, தராசு 24.6 கிராம் காட்டினால் ஒரு முறைக்கு இருமுறை நிறுத்துப் பாருங்கள். 1972 பிலடெல்பியா கிடைத்தால் வேறெதையும் பார்க்கும் முன் ஃப்ளோரிடாவுக்குக் கீழே பாருங்கள்.